நஷ்டம் யார் தலையில் விழுந்தது?

கேள்வி: திருப்பூரில் சின்ன அளவில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டதிலிருந்து வீட்டிலும் கம்பெனியிலும் ட்ரம்ப் பேச்சுத்தான். என் மைத்துனர், "கோடி கோடியாகச் சம்பாதித்த மனுஷன், கணக்குப் பார்க்காமலா செய்வான்? அந்த மூளை யாருக்கு வரும்?" என்கிறார். நியூஜெர்சியில் இருக்கும் என் மகனோ, "ஆறு தடவை திவாலானவர் அப்பா அவர். எல்லாம் அவங்க அப்பா காசு. மனநல டாக்டர்களே அவருக்குத் தகுதி இல்லைன்னு சொல்றாங்க" என்கிறான். ஓர் அதிபரின் அறிவையும் தொழில் வரலாற்றையும் வைத்து அவர் நாட்டை ஆளத் தகுதியானவரா என்று சொல்ல முடியுமா? இருவரில் யார் சொல்வது சரி?

– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வதிலும் மகன் சொல்வதிலும் பாதி பாதி உண்மை இருக்கிறது. ஆனால் எவ்வளவு சம்பாதித்தார், எத்தனை தடவை விழுந்தார் என்ற கணக்கை மட்டும் வைத்து ஒருவரின் ஆளும் தகுதியை எடைபோட முடியாது. என்னைக் கேட்டால் வேறு இரண்டைப் பார்க்கச் சொல்வேன். தொழில் சறுக்கியபோது நஷ்டம் யார் தலையில் விழுந்தது? "இது தேறாது" என்று முன்கூட்டியே சொன்னவரை அவர் என்ன செய்தார்? அதிபர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் ஒரு மனிதரிடம் இந்த இரண்டு குணங்களும் அவ்வளவாக மாறுவதில்லை.

மூளை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்க அதிபர்களுக்கு அதிகாரபூர்வமான ஐ.க்யூ. கணக்கு எதுவும் கிடையாது. 2001இல் அதிபர்களின் ஐ.க்யூ. பட்டியல் என்று ஒன்று மின்னஞ்சலில் சுற்றியது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கடைசி இடம். ஏதோ ஓர் ஆய்வு நிறுவனத்தின் பெயரும் அதில் இருந்தது. அப்படி ஒரு நிறுவனமே இல்லை, பட்டியல் முழுக்கக் கட்டுக்கதை. இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ்கூட அதை நம்பி வெளியிட்டுவிட்டுப் பிறகு திருத்தம் போட்டது. பிடிக்காதவரை முட்டாள் என்று சொல்லும் செய்தியை நாம் எவ்வளவு சுலபமாக நம்புகிறோம் பாருங்கள்.

ட்ரம்ப் தன்னை மேதை என்று சொல்லிக்கொள்ள அடிக்கடி எடுத்துக்காட்டும் சோதனை ஒன்று உண்டு. 2018 ஜனவரியில் வெள்ளை மாளிகை மருத்துவர் ரோனி ஜாக்சன் அவருக்கு மாண்ட்ரியல் அறிதிறன் சோதனையை நடத்தினார். 30க்கு 30 மதிப்பெண். பொய்யில்லை. ஆனால் அந்தச் சோதனையில் என்ன கேட்பார்கள்? ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொல்வார்கள். சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுச் சில நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொல்வார்கள். முதுமையில் நினைவு மங்கத் தொடங்கியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க உருவான சோதனை அது. 30 வாங்கியவருக்கு மறதி நோயின் அறிகுறி தென்படவில்லை என்பதைத்தான் அது சொல்லும். வரிக்கொள்கையின் விளைவை யோசிக்கும் திறனை அது அளப்பதே இல்லை. எனவே மேதை, முட்டாள் என்ற இரண்டு பட்டங்களையும் தள்ளிவைத்துவிடுங்கள்.

தொழில் வரலாறு அப்படியல்ல. அதற்குக் காகிதம் இருக்கிறது.

மைத்துனரின் பக்கத்தை முதலில் சொல்கிறேன். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் உல்மன் ரிங்க் என்ற பனிச்சறுக்குத் தளம் இருக்கிறது. அதைப் பழுதுபார்க்க மாநகராட்சி ஆறு ஆண்டுகள் போராடி, ஒரு கோடி டாலருக்கு மேல் செலவழித்தும் முடிக்க முடியவில்லை. 1986இல் ட்ரம்ப் அதை ஏற்று நான்கு மாதத்துக்குள், ஒதுக்கிய தொகைக்கும் குறைவாகவே முடித்துக் கொடுத்தார். மன்ஹாட்டனில் நொடித்துக் கிடந்த கமடோர் ஹோட்டலை எடுத்து, 40 ஆண்டு வரிச் சலுகை வாங்கி, 1980இல் கிராண்ட் ஹயாத் ஆகத் திறந்ததும் சாதாரண வேலையில்லை. பேரம் பேசவும் வேலையை விரட்டி முடிக்கவும் தெரிந்தவர். அதே சமயம் மகன் சொல்வதும் பொய்யில்லை. அப்பாவிடம் பத்து லட்சம் டாலர் கடன் வாங்கித் தொழில் தொடங்கியதாக ட்ரம்ப் சொல்லிவந்தார். குடும்பத்தின் வரிக் கணக்குகளையும் நிறுவன ஆவணங்களையும் அலசிய நியூயார்க் டைம்ஸ், தந்தை ஃப்ரெட் ட்ரம்ப்பின் கட்டடத் தொழிலிலிருந்து மகனுக்கு வந்தது அன்றைய மதிப்பில் குறைந்தது 41.3 கோடி டாலர் என்று 2018இல் எழுதியது.

ஆறு திவால் என்பதில் ஒரு திருத்தம் வேண்டும். திவாலானவை அவருடைய நிறுவனங்கள். அவர் தனிப்பட்ட முறையில் திவாலானதில்லை. 1991இல் ஒன்று, 1992இல் மூன்று, 2004இல் ஒன்று, 2009இல் ஒன்று. ஆறுமே சாப்டர் 11 என்ற வகை. கடையை மூடாமல், கடன்காரர்களோடு உட்கார்ந்து கடனைக் குறைத்து மாற்றியமைத்துக்கொள்ளும் சட்ட வழி அது. உங்களிடம் சரக்கு வாங்கிய அமெரிக்க பையர் அதற்குள் நுழைந்தால் உங்கள் பில்லுக்கு என்ன கதி என்று உங்களுக்கே தெரியும்.

அந்த ஆறில் ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். அட்லாண்டிக் சிட்டியில் ட்ரம்ப் கட்டி முடித்த தாஜ் மஹால் சூதாட்ட விடுதி அது. உங்கள் மகன் இருக்கும் அதே மாநிலம். 1988இல் உரிமம் வாங்கும்போது, குப்பைப் பத்திரம் என்று சந்தையில் அழைக்கப்படும் அதிக வட்டிக் கடன் பத்திரங்களைத் தொடமாட்டேன், வங்கிகள் எனக்குக் குறைந்த வட்டிக்குக் கொடுக்கும் என்று மாநில ஆணையத்திடம் சொன்னார். அதே ஆண்டு முடிவதற்குள் அதே வகைப் பத்திரங்களை 67.5 கோடி டாலருக்கு விற்றார். வட்டி 14 விழுக்காடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 9.45 கோடி டாலர் வட்டி. ஒரு நாளைக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல். சம்பளம், மின்சாரம், விளம்பரம் எல்லாம் இதற்கு மேல்தான்.

அந்தக் கணக்கைப் போட்டவர் ஒருவர் இருந்தார். பிலடெல்பியாவில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் சூதாட்ட விடுதித் தொழிலை ஆராய்ந்துவந்த மார்வின் ராஃப்மன். 1990 ஏப்ரலில் திறப்பு விழா. அதற்கு முந்தைய மாதம் வால் ஸ்ட்ரீட் ஜர்னலிடம் அவர், திறந்த புதிதில் கூட்டம் வரும், குளிர்காற்று வீசத் தொடங்கினால் இந்த விடுதியால் தாக்குப்பிடிக்க முடியாது என்ற பொருளில் சொன்னார். ட்ரம்ப் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினார். ஒன்று பகிரங்க மன்னிப்பு, இல்லையென்றால் ராஃப்மனை வேலையை விட்டு அனுப்ப வேண்டும், இரண்டும் நடக்காவிட்டால் வழக்கு. நிறுவனம் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தில் முதலில் கையெழுத்துப் போட்ட ராஃப்மன், மறுநாள் மனம் கேட்காமல் அதைத் திரும்பப் பெற்றார். வேலை போயிற்று.

அடுத்த ஆண்டு ஜூலையில் தாஜ் மஹால் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. ராஃப்மன் சொன்னது அப்படியே பலித்தது. நடுவர் மன்றம் அவருக்கு 7.5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது.

நஷ்டம் யாருக்கு? விடுதியைக் கட்டிக் கொடுத்த இருநூறுக்கும் மேற்பட்ட ஒப்பந்தக்காரர்களுக்குக் கிட்டத்தட்ட ஏழு கோடி டாலர் பாக்கி நின்றது. கண்ணாடி மாட்டியவர், பளிங்குக்கல் பதித்தவர், குழாய் போட்டவர் என்று சின்ன ஆள்கள். பலர் பாதி பணத்தில் சமாதானமாகிப் போனார்கள், சிலர் தொழிலையே விட்டார்கள். பத்திரம் வாங்கியவர்கள் வட்டியைக் குறைத்துக்கொண்டு விடுதியின் பாதி உரிமையை எடுத்துக்கொண்டார்கள். ட்ரம்ப்பையும் வங்கிகள் சும்மா விடவில்லை. படகையும் விமான நிறுவனத்தையும் அவர் இழந்தார். ஆனால் 1990இல் அதே வங்கிகள் அவருடைய சொந்தச் செலவுக்கு மாதம் 4.5 லட்சம் டாலர் வரை அனுமதித்தன. அந்த ஆண்டு டிசம்பரில் அவருடைய இன்னொரு விடுதியான கேசிலுக்கு வட்டித் தவணை கட்டப் பணம் போதவில்லை. தந்தை ஃப்ரெட் ஒரு வழக்கறிஞரை அனுப்பி 33.5 லட்சம் டாலருக்குச் சூதாட்டச் சில்லுகளை வாங்கச் செய்தார். ஒரு சில்லைக்கூட வைத்து ஆடவில்லை. கடனுக்குச் சில்லு என்று வேடம் போட்ட அந்தப் பணத்துக்காக விடுதி அபராதம் கட்ட வேண்டியிருந்தது.

2004ஐயும் சொல்லிவிடுகிறேன். அந்த ஜனவரியில்தான் "தி அப்ரென்டிஸ்" தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது. பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, தொழில் தெரியாதவர்களை ட்ரம்ப் வெளியே அனுப்புவார். அமெரிக்காவில் பாதிப் பேர் மனத்தில் அவர் மகா தொழிலதிபராகப் பதிந்தது அந்த மேசையால்தான். அதே ஆண்டு நவம்பரில் அவருடைய சூதாட்ட விடுதி நிறுவனம் மறுபடியும் திவால் மனு போட்டது. 1995இல் பங்கு 14 டாலர் என்று பொதுமக்களுக்கு விற்கப்பட்ட நிறுவனம் அது. பங்கு வாங்கியவர்களின் பணம் கரைந்த ஆண்டுகளிலும் தலைவருக்குச் சம்பளமும் போனஸும் போய்க்கொண்டுதான் இருந்தன.

இதெல்லாம் பழைய வியாபாரக் கதை, ஆட்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மைத்துனர் கேட்கலாம். 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதியைப் பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் வேலைவாய்ப்புக் கணக்கை வெளியிட்டது. புதிய வேலைகள் குறைவு, முந்தைய இரண்டு மாதக் கணக்கும் பெரிதாகக் குறைத்துத் திருத்தப்பட்டிருந்தது. எண்ணில் மோசடி என்று ட்ரம்ப் சொன்னார். ஆதாரம் எதுவும் காட்டவில்லை. அன்றைக்கே அலுவலகத் தலைவர் எரிகா மெக்என்டார்ஃபரைப் பதவியிலிருந்து நீக்கினார். ராஃப்மனுக்கு நடந்ததும் இதுதான். அன்று தரகு நிறுவனத்தை மிரட்ட வேண்டியிருந்தது, இன்று ஓர் உத்தரவு போதும்.

அவர் யார் சொன்னாலும் கேட்கமாட்டார் என்று இல்லை. 2025 ஏப்ரல் 2ஆம் தேதி உலகம் முழுவதற்கும் வரி அறிவித்தார். ஒரே வாரத்தில், அமெரிக்க அரசுக் கடன் பத்திரச் சந்தை ஆட்டம் கண்டதும், பெரும்பகுதியை 90 நாள் நிறுத்திவைத்தார். 1990இலும் வங்கிகள் சொன்னதைக் கேட்டார். கடன் கொடுத்தவன் கழுத்தைப் பிடித்தால் பின்வாங்குவார், கணக்குச் சொல்பவனைத் துரத்துவார். அவருடைய தொழில் வரலாற்றைப் படித்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். 2020இல் கொரோனா தடுப்பூசிக்கு அவர் அரசு பணத்தைக் கொட்டி, ஆராய்ச்சியையும் உற்பத்தியையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டு, அந்த டிசம்பருக்குள் ஊசி கைக்கு வரச் செய்ததையும் மறைக்கக் கூடாது. உல்மன் ரிங்க்கை முடித்த அதே விரட்டல் அது. நல்ல பக்கமும் கூடவேதான் வருகிறது.

நல்ல தொழிலதிபர் நல்ல அதிபராவார் என்ற நம்பிக்கைக்கு அமெரிக்க வரலாற்றில் சரியான சோதனை ஹெர்பர்ட் ஹூவர். ட்ரம்ப்பைப் பற்றிய வாதம் சூடேறும்போதெல்லாம் நான் ஹூவரைத்தான் நினைப்பேன். சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். ஸ்டான்ஃபோர்டின் முதல் வகுப்பில் நிலவியல் படித்து, ஆஸ்திரேலியாவிலும் சீனாவிலும் சுரங்கப் பொறியாளராக வேலை பார்த்து, நாற்பது வயதுக்குள் கோடீஸ்வரர். மனைவியோடு சேர்ந்து 16ஆம் நூற்றாண்டு லத்தீன் சுரங்க நூலை மொழிபெயர்த்த அளவுக்குப் படிப்பாளி. முதல் உலகப் போரில் பட்டினி கிடந்த பெல்ஜியத்துக்குச் சோறு போட்ட அமைப்பை நடத்தியவர். அறிவு, பணம், நிர்வாகம், இரக்கம் என்று உங்கள் மைத்துனர் கேட்கும் எல்லாம் இருந்த ஆள்.

1929இல் அதிபரானார். அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. 1930இல் ஸ்மூட்–ஹாலி வரிச் சட்டம் மேசைக்கு வந்தபோது 1,028 பொருளாதார அறிஞர்கள் கையெழுத்திட்டு, வேண்டாம் என்று மன்றாடினார்கள். ஹூவர் கையெழுத்துப் போட்டார். கனடா முதல் பல நாடுகள் பதிலுக்கு வரி போட்டன. அவர் பதவி விட்டிறங்கிய 1933இல் அமெரிக்காவில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. பெல்ஜியத்துக்குச் சோறு போட்டவர், தன் நாட்டின் பசித்தவர்களுக்கு நடுவண் அரசு நேரடியாக உதவக் கூடாது, உள்ளூர்த் தருமமே போதும் என்ற கொள்கையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு நேர் எதிர், ஹாரி ட்ரூமன். கல்லூரிப் பட்டம் இல்லாத கடைசி அமெரிக்க அதிபர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பி, கான்சாஸ் சிட்டியில் நண்பரோடு சேர்ந்து ஆண்களுக்கான துணிக்கடை போட்டார். சட்டை, கழுத்துப்பட்டி, தொப்பி. 1919இல் திறந்த கடை 1922இல் மூடப்பட்டது. பங்காளி பிறகு திவால் மனு கொடுத்தார். ட்ரூமன் கொடுக்கவில்லை, பல ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனை அடைத்தார்.

இந்த இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே தளபதி வாய்த்தார், டக்ளஸ் மெக்ஆர்தர். 1932 ஜூலையில், போனஸ் கேட்டுத் தலைநகரில் முகாமிட்டிருந்த முன்னாள் படைவீரர்களை அப்புறப்படுத்த அவர் போனார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி முகாமுக்குள் போகக் கூடாது என்று ஹூவர் சொல்லியனுப்பியும் தாண்டினார். குடும்பங்கள் தங்கியிருந்த குடிசைகள் எரிந்தன. ஹூவர் அவரைத் தண்டிக்கவில்லை, பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்தார். 1951இல் கொரியப் போரின்போது அதே மெக்ஆர்தர் அதிபரின் கொள்கையை எதிர்த்து எதிர்க்கட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதினார். ட்ரூமன் ஏப்ரல் 11ஆம் தேதி அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். நாடே மெக்ஆர்தர் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு ட்ரூமனுக்கு இருந்த ஆதரவு 22 விழுக்காடு. விலையைத் தானே கொடுத்தார், துணிக்கடைக் கடனைக் கொடுத்த மாதிரியே. இன்று வரலாற்றறிஞர்களின் தரவரிசையில் ட்ரூமன் முதல் பத்துக்குள், ஹூவர் கடைசிப் பத்து இடங்களுக்குப் பக்கத்தில்.

அதற்காகத் தொழிலில் தோற்றவர் எல்லாம் ட்ரூமன் ஆகிவிட மாட்டார். உள்நாட்டுப் போரை வென்ற யுலிசஸ் கிராண்ட் விவசாயத்தில் தோற்றார். அதிபரானபோது அவர் நம்பிய ஆள்களே சாராய வரியைக் கொள்ளையடித்தார்கள். பதவிக்குப் பிறகு 1884இல் கூட்டாளி ஒருவர் அவரை ஏமாற்றி ஓட்டாண்டியாக்கினார். நேர்மையானவர், ஆளை எடைபோடத் தெரியாதவர். வியாபாரத்திலும் ஆட்சியிலும் ஒரே குறை.

மகன் சொன்ன மனநல மருத்துவர்கள் விஷயத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. 1964 தேர்தலில் ஒரு பத்திரிகை பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் அதிபராகும் மனநிலையில் இருக்கிறாரா என்று கேட்டது. 1,189 பேர் இல்லை என்றார்கள். அவர்கள் யாரும் அவரைப் பரிசோதித்ததில்லை. அவர் வழக்குப் போட்டு வென்றார். நேரில் சோதிக்காத ஒருவருக்கு நோய் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் விதி வகுத்தது. நல்ல விதி. தொலைக்காட்சி பார்த்து நோய் சொல்லும் மருத்துவரை நம்பினால், நாளை உங்களுக்குப் பிடித்த தலைவருக்கும் அதே ஊசிதான்.

உடல்நலமே கெட்டால் என்ன வழி? 1967இல் வந்த 25ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் நான்காம் பிரிவுப்படி துணை அதிபரும் அமைச்சர்களில் பெரும்பான்மையினரும் சேர்ந்து அதிபரை ஒதுக்கிவைக்கலாம். இதுவரை ஒருமுறைகூட அது பயன்பட்டதில்லை. கூட இருப்பவர்கள் மறைப்பதுதான் வழக்கம். முனைவர் பட்டம் பெற்ற ஒரே அதிபரான உட்ரோ வில்சன் 1919 அக்டோபரில் பக்கவாதத்தில் விழுந்தபோது மனைவி எடித் யாரையும் பக்கத்தில் விடவில்லை, நாட்டுக்கு உண்மை தெரியவே மாதங்கள் ஆயின. பைடனின் தளர்ச்சியும் 2024 ஜூன் 27 விவாத மேடையில் கோடிக் கணக்கானோர் கண்ணெதிரே வெளிப்படும்வரை அவருடைய ஆள்களால் பூசி மெழுகப்பட்டது.

உங்களுக்கு வந்த 50 விழுக்காட்டுக்கு இப்போது வருகிறேன். இறக்குமதி வரி போடும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டம் நாடாளுமன்றத்துக்குத்தான் கொடுத்திருக்கிறது. ஸ்மூட்–ஹாலியில் சூடுபட்டதும், வரியைக் குறைக்கப் பேரம் பேசும் உரிமையை 1934இல் அதிபருக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு 1962, 1974, 1977 என்று வந்த சட்டங்களில் இன்னும் பல அதிகாரங்களைக் கைமாற்றினார்கள். 2025இல் ட்ரம்ப் நெருக்கடிக் காலத்துக்கான 1977ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித்தான் வரி போட்டார், அது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருவரின் குணத்தை நம்பித் திருப்பூரின் ஆர்டர் நிற்கும்படி ஆனதற்கு அந்த ஒருவர் மட்டும் காரணமல்ல, அதிகாரத்தை அவர் கையில் குவித்த நாடாளுமன்றமும்தான். உங்கள் ஏற்றுமதியாளர் சங்கம் வாஷிங்டனில் யாரிடமாவது பேசுவதாக இருந்தால் அந்த உறுப்பினர்களிடம் பேசட்டும். உங்கள் மகனுக்கு அங்கே வாக்கு இருந்தால் அவரும் தன் தொகுதி உறுப்பினருக்கு எழுதட்டும். 1930 சட்டத்துக்குப் பெயர் கொடுத்த ரீட் ஸ்மூட், வில்லிஸ் ஹாலி இருவரையும் 1932இல் அவரவர் ஊர் வாக்காளர்களே தோற்கடித்து அனுப்பினார்கள். 2025 வரிக்கு எந்த உறுப்பினரும் கைதூக்கவில்லை, அதனால் யாரும் அதற்குப் பதில் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பதிலை அவர்களிடம் கேட்க வேண்டும்.